கண்ணிக்குக் காவல்

நாற்பத்து மூன்று வயதில் அம்புரோஸுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். குதிகாலை முதலில் வைக்கக்கூடாது. பாதத்தின் வெளி ஓரத்தை வைத்து, கீழே சுள்ளி கிடக்கிறதா என்று தடவிப் பார்த்து, பிறகுதான் உடம்பின் பாரத்தை இறக்கவேண்டும். முதல் வாரம் முழுக்க அவனுக்கு அதுதான் பாடம். சாயங்காலம் கிள்ளானுக்குத் திரும்பி வீட்டுப் படியேறும்போதும் அப்படியே ஏறினான். கெர்ட்ரூட் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன் திருடன் மாதிரி வரீங்க?" என்றாள்.

அவன் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். அந்த வீடுகளை இடித்தபோது குடும்பம் கிள்ளானுக்கு வந்தது. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கின் வாசலில் பதினெட்டு வருடம் காவல் நின்றான். லோரி வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்குவான், போனால் இறக்குவான். ஒருநாள் கட்டை தானே ஏறி இறங்கத் தொடங்கியது. அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கெர்ட்ரூட்டுக்கு மாதா கோயில் பாலர் பள்ளியில் வேலை இருந்ததால் அடுப்பு அணையவில்லை, அவ்வளவுதான். ஏழு மாதம் வீட்டிலேயே கிடந்து, பகல் நேரத்தில் மனைவிக்கு முகம் காட்டக் கூசிய பிறகு, பந்திங்கைத் தாண்டி இருக்கும் தாசேக் லிமாவ் காட்டுப் பூங்காவில் அமலாக்க ரேஞ்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டான். நேர்முகத்தில் நீச்சல் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று பொய் சொன்னான். ஆறு மாதம் ஒப்பந்தம். அதற்குள் தேறினால் நிரந்தரம்.

அந்தக் காடு பெரிய காடு ஒன்றும் இல்லை. நாலு பக்கமும் செம்பனைத் தோட்டம். நடுவில் பஞ்சு போல அமுங்கும் கறுப்பு மண்ணில் மிச்சம் மீதியாக நிற்கும் மரங்கள். அதற்குள் என்ன உயிர் இருந்தாலும் போக வேறு இடம் கிடையாது. கண்ணி வைக்கிறவர்களுக்கும் அது தெரியும்.

அம்புரோஸைப் பழக்கும் பொறுப்பு தாமரையிடம் இருந்தது. அவனைவிட எட்டு வயது இளையவள். பதினொரு வருடமாக அதே காட்டில் இருந்தாள். அவனை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். அவன் அவளை "மேடம்" என்பான். மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியைச் சுருக்குப் போட்டு, வளைத்த இளமரத்தில் கட்டி, மேலே சருகு தூவி எப்படி மறைப்பார்கள் என்று காட்டினாள். சருகு எங்கே ஒரே மாதிரிக் காய்ந்திருக்கிறதோ அங்கே சந்தேகப்படச் சொன்னாள். கேமராவை முழங்கால் உயரத்தில் கட்டவும், தடயத்துக்குப் பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படமெடுக்கவும், கைவிலங்கு மாட்டும்போது கட்டைவிரல் இரண்டும் மேலே பார்க்கும்படி கையைத் திருப்பவும் கற்றுக்கொடுத்தாள். விலங்கு மாட்டுவதை ஒருவர் மேல் ஒருவர் பழகிப் பார்த்தார்கள். அவன் தயங்கித் தயங்கி மாட்டியபோது அவள் கத்தினாள்.

"அண்ணே, கல்யாணத்துக்கு வளையலா போடறீங்க? இறுக்குங்க லா!"

முதல் மூன்று மாதத்தில் நாற்பதுக்கு மேல் கண்ணிகளை அறுத்தெடுத்தார்கள். ஒரு ஆளைக்கூடப் பிடிக்கவில்லை. இவர்கள் அறுத்த மறுநாளே பத்தடி தள்ளி புதுக் கம்பி முளைத்திருக்கும். மேலதிகாரி (எல்லாருக்கும் அவர் வெறும் துவான், அதாவது ஐயாதான்) வாரா வாரம் சுவரில் இருந்த அட்டவணையைக் காட்டிக் கேட்பார்: கண்ணி இத்தனை, ஆள் எங்கே? ஆள் எங்கே?

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும், அம்புரோஸ் ஒரு விசில் சத்தம் கேட்டு நின்றான். மெல்லிய, நீண்ட விசில். ஏதோ பறவை என்று நினைத்தான். தாமரையின் முகம் மாறியது. கையைக் காட்டி அவனைக் குனியச் சொன்னாள்.

விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்துக்கு அப்பால் தாபிர் ஒன்று நின்றிருந்தது. முன்பாதி கறுப்பு, பின்பாதி வெள்ளை, பன்றியின் உடம்பு, குட்டையான தும்பிக்கை. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து குழந்தையின் விளையாட்டு விசில் போலச் சத்தம் வருவதை அம்புரோஸ் அன்றுதான் அறிந்தான். முன்னங்கால் கம்பியில் மாட்டியிருந்தது. இழுத்து இழுத்துக் கம்பி தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அந்தக் கால் எட்டிய வட்டம் முழுக்க மண் உழுதது போலக் கிளறிக் கிடந்தது. மழை இல்லாத மாதம். வட்டத்துக்கு வெளியே, ஒரு முழம் தள்ளி, பழைய வாய்க்காலில் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. மூக்கை அந்தப் பக்கம் நீட்டி நீட்டி, அதனாலேயே கம்பியை இன்னும் ஆழமாக இறக்கிக்கொண்டிருந்தது அது.

அம்புரோஸ் இடுப்பிலிருந்த குறடை எடுத்தான். தாமரை அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்க. துவான்கிட்ட கேக்கணும்."

வாக்கி டாக்கியில் அவள் தாழ்ந்த குரலில் பேசினாள். பதில் வர அதிக நேரம் ஆகவில்லை. அதைக் கேட்டதும் அவள் வாக்கி டாக்கியை இடுப்பில் செருகினாள்.

"அறுக்க வேணாம்னு சொல்றாரு. வச்சவன் கண்டிப்பா பார்க்க வருவான். வந்து கம்பியத் தொட்டதும் பிடிக்கணும்."

"எப்ப வருவான் மேடம்?"

"இன்னிக்கு வரலாம். நாளைக்கு வரலாம்."

"அதுவரைக்கும் இது?"

"அண்ணே, இப்ப அறுத்தா ஒரு மிருகம் பொழைக்கும். அவனப் பிடிச்சா நூறு மிருகம் பொழைக்கும். கணக்கு அப்படித்தான்."

அம்புரோஸுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அன்று காலை, அந்த நேரத்தில், நியாயமாகவே பட்டது. பின்னால் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தும் அந்த வாக்கியத்தில் எந்த இடத்தில் தவறு என்று அவனால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

அவனை மரத்துக்குப் பின்னால், பதினைந்து அடி தூரத்தில், படுக்க வைத்தாள். புதிய ஆள் அசையாமல் கிடந்தால் போதும் என்று கிட்டத்து இடம் அவனுக்குக் கிடைத்தது. தாமரையும் இன்னும் இரண்டு பேரும் பாதையின் இரு முனையிலும் மறைந்துகொண்டார்கள். யாராவது வந்து கம்பியைத் தொட்டால் அவன் வாக்கி டாக்கியின் பொத்தானை இரண்டு முறை அழுத்தவேண்டும். அதுதான் அவன் வேலை.

அந்தப் பகல் முழுக்க அவன் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வெயில் ஏறியதும் காயத்தில் ஈ மொய்த்தது. தாபிர் காதை அடித்து ஓட்டப் பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. சில சமயம் படுத்தது. படுத்தால் கம்பி இழுத்ததால் உடனே எழுந்தது. ஒரு முறை அவன் இருந்த திசையைப் பார்த்து நேராக விசிலடித்தது. அவன் இடுப்பில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் இருந்தது. மத்தியானம் பாதை முனைக்கு ஊர்ந்து போய், கொஞ்சம் தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டான்.

"உங்க கால்தடம் அங்க விழும். அவன் பார்த்தா திரும்பிருவான். அப்புறம் இவ்ளோ நேரம் அது பட்டதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிரும்" என்றாள் தாமரை. கொஞ்சம் பொறுத்து, "நீங்க குடிங்க. மயக்கம் போட்றாதீங்க" என்றாள்.

அவன் குடித்தான்.

இருட்டியதும் வேறு இரண்டு பேர் வந்து மாற்றிவிட்டார்கள். வீட்டில் கெர்ட்ரூட் மீன் குழம்பு வைத்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டான். அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

புதன்கிழமை போனபோது தாபிர் நிற்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. விசில் மட்டும் இடைவெளி விட்டு வந்தது. காற்று இறங்கிய டயரிலிருந்து வருவது போல.

பிற்பகல் மூன்று மணிக்குச் செம்பனைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். முழங்கால் வரை மடித்த கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், இடுப்பில் பராங் கத்தி. மறைந்து மறைந்து வரவில்லை. காய்ந்த கிளைகளை மிதித்துச் சடசடவென்று வந்தார். கையில் ஐந்து லிட்டர் எண்ணெய் பாட்டில், அதில் தண்ணீர்.

"அடப்பாவிகளா" என்றார், யாரையோ. பிறகு மிருகத்திடம் குனிந்து பேசினார். "இருடா. இருடா ராசா. உதைக்காத. குடி முதல்ல."

பாட்டிலைச் சாய்த்து அதன் வாயோரம் ஊற்றினார். முதலில் வழிந்து மண்ணில் போனது. அப்புறம் அந்தக் குட்டைத் தும்பிக்கை அசைந்தது. நாக்கு வெளியே வந்தது. அவர் இடது உள்ளங்கையைக் குழித்துப் பிடித்து, ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். அம்புரோஸ் பதினைந்து அடி தூரத்தில் எல்லாவற்றையும் பார்த்தான். அவன் பொத்தானை அழுத்தவில்லை. இவர் கண்ணி வைத்த ஆள் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

தண்ணீர் பாதி தீர்ந்ததும் அவர் பாட்டிலை மண்ணில் நிறுத்திவிட்டு, பின்பையிலிருந்து குறடை எடுத்தார். கம்பியைப் பிடித்தார்.

அம்புரோஸின் கட்டைவிரல் இரண்டு முறை அழுத்தியது.

ஏன் அழுத்தினான் என்றால், கம்பியைத் தொட்டால் அழுத்தவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வேறு காரணம் தேடி அவன் பல நாள் அலைந்தான். வேறு இல்லை.

இரண்டு பக்கமும் இருந்து ஓடிவந்தார்கள். அவரைக் குப்புறத் தள்ளினார்கள். முகம் கறுப்பு மண்ணில் புதைந்தது. "அண்ணே, விலங்கு!" என்று தாமரை கத்தினாள். அம்புரோஸ் மரத்தைத் தாண்டிப் போய், முட்டியை அவர் முதுகில் வைத்து, கையைத் திருப்பி, கட்டைவிரல்கள் மேலே பார்க்க, இறுக்கி மாட்டினான். பழகியபோது வராத வேகம் இப்போது வந்தது.

"சார், நான் இல்ல சார்! தண்ணி குடுக்க வந்தேன் சார்! ரெண்டு நாளா கத்துது, எங்க வீட்டுக்கே கேக்குது…" மண்ணைத் துப்பிக்கொண்டே அவர் சொன்னார். அவர் பெயர் கன்னையா. காட்டை ஒட்டிய தோட்டத்தில் முன்பு குலை வெட்டியவர். இப்போது அந்தத் தோட்ட ஓரத்திலேயே மாடு வளர்க்கிறார். தாமரைக்கும் தமிழ்தானே, எல்லாம் புரிந்தது.

"எல்லாத்தையும் ஆபீஸ்ல சொல்லுங்க" என்றாள்.

மிருகமும் ஆளும் பராங்கும் குறடும் ஒரே படத்தில் வரும்படி நாலு படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகே கம்பியை அறுத்தார்கள். தள்ளுமுள்ளில் பாட்டில் உருண்டு, மிச்சத் தண்ணீர் கொட்டிப் போயிருந்தது. அம்புரோஸ் அதை எடுத்துத் தடயப் பையில் போடப் போனான். "அது எதுக்கு, குப்பை" என்று உடன் இருந்தவன் ஒருவன் வாங்கி எறிந்தான். தாமரை பார்த்தாள்.

லோரி வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. தாபிரைத் தார்ப்பாயில் உருட்டி ஏற்றினார்கள். பந்திங் ஊருக்குள் நுழையுமுன்னே அது செத்துப்போனது.

மறுநாள் அம்புரோஸ் வாக்குமூலம் எழுதினான். மலாயில் எழுதவேண்டும். அகராதி வைத்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளை போல, பார்த்ததைப் பார்த்தபடி எழுதினான். சந்தேக நபர் முதலில் மிருகத்துக்குத் தண்ணீர் கொடுத்தார் என்ற வரியும் அதில் இருந்தது. தாமரை படித்தாள். பேனாவின் நுனியை அந்த வரியில் வைத்தாள்.

"இது என்ன அண்ணே?"

"நடந்தது மேடம். அவரு கண்ணி வச்ச ஆள் இல்ல. வச்சவன் ஏன் தண்ணி குடுக்கப் போறான்?"

"சரி. எழுதுங்க. உங்க கண்ணு, உங்க பேனா. நான் கிழிக்க மாட்டேன்." அவள் நாற்காலியை இழுத்து அவன் எதிரே உட்கார்ந்தாள். "ஆனா கோர்ட்டுல அடுத்த கேள்வி என்ன வரும் தெரியுமா? தண்ணி குடுக்கறத நீங்க எங்க இருந்து பார்த்தீங்க? பதினைஞ்சு அடியில இருந்து. எவ்ளோ நேரமா அங்க இருந்தீங்க? முந்தின நாள் காலையில இருந்து. அப்ப முப்பது மணி நேரம் அந்த மிருகம் சாகறதப் பார்த்துக்கிட்டா இருந்தீங்க? யாரு சொல்லி? துவான் அப்படி நான் சொல்லவே இல்லைனு சொல்லுவாரு. எழுத்துல ஒண்ணும் கிடையாது. அப்புறம் மாட்டிக்கிறது நீங்களும் நானும்."

அம்புரோஸ் அகராதியை மூடினான்.

"எனக்கு மட்டும் ஆசையா?" என்றாள் அவள். "நாய் வேஷம் போட்டா குரைக்கத்தான் வேணும். உங்களுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, நிரந்தரமாக. யோசிச்சு எழுதுங்க."

அவள் தனக்கு ஒரு மைலோ கலக்கப் போனாள். திரும்பி வரும்போது அவனுக்கும் ஒன்று கொண்டுவந்தாள். அதற்குள் அவன் புதிய தாளில் எழுதத் தொடங்கியிருந்தான். ரோந்து போகும்போது மிருகத்தின் சத்தம் கேட்டது. சென்று பார்த்தபோது சந்தேக நபர் கையில் குறடுடன் கம்பியைப் பிடித்தபடி இருந்தார். இடுப்பில் பராங். மூன்று வரி. ஒவ்வொரு வரியும் உண்மை என்று சொல்லிக்கொள்ளலாம், முதல் இரண்டு வரிக்கும் நடுவே விழுங்கிய முப்பது மணி நேரத்தைத் தவிர.

கன்னையாவுக்கு வக்கீல் இல்லை. தாபிர் பாதுகாக்கப்பட்ட மிருகம், அதைக் கண்ணியில் பிடித்ததே பெரிய குற்றம். வழக்கு நடத்தினால் மாதக்கணக்கில் இழுக்கும், ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடியும் என்று லோக்காப்பில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டார். ஒரு வருடம். அம்புரோஸைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிடவே இல்லை. கோர்ட்டுக்கு வெளியே நடைபாதையில் கன்னையாவின் மனைவி ரமணி அவனிடம் வந்தாள். சீருடையைப் பார்த்து, எல்லாம் தெரிந்தவன் என்று நினைத்து வந்தாள்.

"அண்ணே, இவர எந்த ஜெயிலுக்குக் கொண்டுபோவாங்க? பஸ் போகுமா?"

அவன் வழி சொன்னான். எந்த பஸ் பிடித்து எங்கே மாறவேண்டும் என்று இரண்டு முறை சொன்னான். அவள் நன்றி சொன்னாள். "அவரு இல்லாம மாடு எங்கிட்ட நிக்காதுண்ணே. எந்தம்பி வித்துரலாம்கிறான்" என்றாள்.

ஏப்ரலில் மேலிடத்திலிருந்து ஆள் வந்து பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த வருடத்தின் முதல் கைது. அம்புரோஸ் நிரந்தரமானான். கெர்ட்ரூட்டிடம் அதுவரை சொல்லாததை அன்றுதான் சொன்னான். அவள் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்காக வண்ணத்தாள் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே கேட்டாள். முடித்ததும், "அந்தம்மா வீட்டுக்குப் போயி சொல்லிட்டு வாங்க. அதுக்கு அப்புறம் கோயிலுக்கு வந்தா போதும்" என்றாள். அவன் அங்கேயும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டான்.

மே மாதம் அதே பகுதியில் ஒரு கண்ணி கிடைத்தது. தாபிர் மாட்டியிருந்த அதே ரகக் கம்பி. அதே முடிச்சு, இரண்டு சுற்றுச் சுற்றி உள்பக்கமாக மடக்கியது. அப்போது கன்னையா சிறையில் இருந்தார். தாமரை முடிச்சைக் கொஞ்ச நேரம் விரலால் உருட்டிப் பார்த்தாள். கம்பியைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். "போலாம் அண்ணே" என்றாள். அட்டவணையில் ஒரு எண் கூடியது.

நன்னடத்தையால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அக்டோபர் கடைசியில் கன்னையா வெளியே வந்தார். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பந்திங் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு திரும்பிய அம்புரோஸ் அவரை எதிரே பார்த்தான். மெலிந்திருந்தார். கையில் கிளினிக் மருந்துப் பை. அவன் விலகிப் போயிருக்கலாம். அவர் சீருடையைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, நீங்க அந்தக் காட்டு ஆபீஸ்தானே?" குரலில் கோபம் இல்லை. "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உள்ள யாருக்கும் தெரியல. அந்த மிருகம் பொழச்சுதா?"

"இல்ல அங்கிள். அன்னைக்கே செத்துப்போச்சு."

அவர் தலையாட்டினார். மருந்துப் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "ரெண்டு நாளு அப்படிக் கத்துச்சு. எங்க வீடு கால் மைலு தள்ளி, எங்களுக்கே கேட்டுச்சு. உங்களுக்கு யாருக்குமே கேக்கலையா?"

எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த நேரத்தில் ஏனோ பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கேட்டுச்சு. அங்கதான் இருந்தோம். மரத்துக்குப் பின்னால."

"எப்ப இருந்து?"

"முந்தின நாள் காலையில இருந்து."

கன்னையா அவன் முகத்தைப் பார்த்தார். புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் அடிப்பார் என்று அம்புரோஸ் நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"அப்ப நான் தண்ணி ஊத்தினதப் பார்த்தீங்க?"

"பார்த்தேன்."

"பார்த்தீங்களா!" அவர் குரல் சட்டென்று உயர்ந்தது. அதில் இருந்தது சந்தோஷம். அதைத்தான் அம்புரோஸால் தாங்க முடியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அத ஒரு கடுதாசியில எழுதிக் குடுங்க தம்பி. மாடு போனது போச்சு. எஸ்டேட்டுக்குள்ள விடமாட்டேங்கறாங்க, வேட்டைக்காரன்னு. மகளப் பொண்ணு பார்க்க வந்தவங்க திரும்பிப் போய்ட்டாங்க. யாராவது ஒருத்தரு பார்த்தேன்னு சொன்னா போதும். வேற ஒண்ணும் வேணாம். கேஸு கீஸு ஒண்ணும் போடமாட்டேன்."

"சரி அங்கிள்."

"உங்க நம்பர் குடுங்க. இப்ப போன்ல கிரெடிட் இல்ல. போட்டுட்டுக் கூப்பிடறேன். எப்ப வரச் சொன்னாலும் வரேன்."

அவர் மருந்துப் பையைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு, கடைக்காரரிடம் பேனா வாங்கி, காத்திருந்தார். அம்புரோஸ் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொன்னான்.

கன்னையா எழுதியதை ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டினார்.

"சரியா தம்பி?"

"சரிதான்" என்றான் அம்புரோஸ்.